உங்க பொண்ணு

"டீச்சர், உங்க பொண்ணுகிட்ட நீங்களே போய்ப் பேசுங்க. என்னால ஆகாது."

சொல்லிவிட்டு வசந்தாமணி மைதானத்துக் கம்பி வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பல நாட்டுப் பிள்ளைகள் ஓட்டப் போட்டிக்கு வந்திருந்த வெளிநாட்டுக் குளிர் ஊர் அது. ஸ்டெல்லா டீச்சர்தான் நான்கு பெண்பிள்ளைகளை ஓட்டத்துக்குப் பழக்கி அங்கே கூட்டி வந்திருந்தார். அதில் ஒருத்தி வசந்தாமணியின் மகள் நறுமுகை. பதின்மூன்று வயது.

எண்ணூறு மீட்டரில் கடைசியாக வந்தாள். வந்தவள் மைதானத்தின் மறுகோடியில் குப்புறப் படுத்துவிட்டாள். நாளைக்குத் தொடர் ஓட்டத்துக்கும் வரமாட்டாளாம். அவள் வராவிட்டால் மற்ற மூன்று பேரும் ஓட முடியாது.

"எந்திரிங்க நறுமுகையம்மா. நீங்க கூப்பிட்டா வருவா."

"நான் போகலைங்க டீச்சர். தினமும் இருட்டோட எழுப்பி, முட்டை அவிச்சுக் குடுத்து, வண்டில கொண்டாந்து விட்டு, எனக்கு இடுப்பே போச்சுங்க. எல்லாம் கடைசியா வர்றதுக்கா?"

டீச்சருக்கும் காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

வசந்தாமணியின் போன் அடித்தது. ஊரிலிருந்து வீட்டுக்காரர்.

"என்ன புள்ள ஆச்சு?"

"உங்க பொண்ணு கடைசிங்க."

"எம்பொண்ணா? ஏர்போர்ட்ல போலீஸ்காரரைக்கூட விடாம எம்பொண்ணு, எம்பொண்ணுன்னியே!"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெளிச்சம் குறைந்தது. மற்ற நாட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டே பஸ் ஏறினார்கள். மறுகோடியில் படுத்திருந்தவள் அசையவில்லை.

"குளிருது. சால்வையைப் போத்திக்கங்க, வசந்தாமணி."

வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பேரைக் கேட்டே எத்தனையோ வருஷமாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு அவள் 'புள்ள'. தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நறுமுகையம்மா. டீச்சர் இதுநாள்வரை அவளை வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை.

"டீ குடிக்கிறீங்களா, வசந்தாமணி?"

"வேண்டாங்க."

"அப்ப பஸ்ல போய் உக்காருங்க, வசந்தாமணி. முன் சீட்டுல காலை நீட்டிக்கலாம். இடுப்புக்கும் நல்லாருக்கும்."

பஸ் பக்கத்தில்தான் நின்றது. போய் உட்கார்ந்தால் இடுப்புக்குச் சுகம்தான். அவள் போகவில்லை.

"ஏனுங்க டீச்சர், இன்னிக்கு என்ன புதுசா பேரைச் சொல்லிக் கூப்பிடறீங்க? யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குது."

"நறுமுகை என் பொண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, அது ஒரு கோவத்துல..."

"அப்ப நறுமுகையம்மா நானாச்சே."

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். மறுகோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"நில்லுங்க டீச்சர்," என்று எழுந்தாள் நறுமுகையம்மா.