அணில் மறந்த நிலக்கடலை

ஆப்பிரிக்காவில், மழை பெய்தால் சேறும் பெய்யாவிட்டால் புழுதியுமாகக் கிடக்கும் ஒரு காட்டில், ஆற்றுத்துறையை ஒட்டி ஒரு கினிக்கோழி பணியாரக் கடை வைத்திருந்தது. அதன் கம்புப் பணியாரத்தைத் தின்ற எவரும் விரலை நக்காமல் வீடு போனதில்லை. விரல் இல்லாதவர்கள் குளம்பை நக்கினார்கள். அந்தக் கடையை நம்பித்தான் அதன் ஏழு குஞ்சுகளும் இருந்தன.

ஒரு காலத்தில் அந்தக் காட்டில் எல்லாரும் நிலக்கடலை விதைத்தார்கள். யானை செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்துக் கொடுத்தது.

பிறகு நீர்யானை துறைமுகத்திலிருந்து எண்ணெய்ப் பீப்பாய்களை ஆற்றில் உருட்டிக்கொண்டு வரத் தொடங்கியது. கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வரும் எண்ணெய் அது. ஒரு கட்டுப் புல் கொடுத்தால் ஒரு குடம் எண்ணெய். சும்மா கிடைத்ததுபோலத்தான்.

"வெயிலில் முதுகு காய எதற்குக் கடலை விதைக்க வேண்டும்?" என்றது பபூன் குரங்கு. அதற்கு எதிலும் அவசரம். எல்லாரும் தலையாட்டினார்கள். வயல்களில் கறையான் புற்று எழும்பியது. செக்கின்மேல் பல்லி குடியேறியது.

யானை மட்டும் மனம் கேட்காமல் ஒரு மூலையில் கடலை போட்டுவந்தது. அந்த ஆண்டு அதில் ஒரே ஒரு மூட்டை விளைந்தது. காட்டில் மிஞ்சியிருந்த விதை அவ்வளவுதான்.

அடுத்த மழைவரை பத்திரமாகப் புதைத்து வைக்கும்படி அதைத் தரையணிலிடம் கொடுத்தது. மரம் ஏறாமல், மண்ணில் வளை தோண்டி வாழும் அணில் அது. பொருளைப் புதைத்து வைப்பதில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் மறதி என்றால் அப்படியொரு மறதி! ஒருமுறை தன் வளை என்று நினைத்துக் கீரியின் வளைக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு வந்தது.

"இவனிடமா கொடுக்கிறீர்கள், அக்கா?" என்று பபூன் சிரித்தது.

"எடுத்துத் தின்னவும் மறந்துவிடுவான் அல்லவா?" என்றது யானை.

மழை ஓய்ந்து கோடை பிறந்தது. ஒருநாள் நீர்யானை பீப்பாய் இல்லாமல் வந்து நின்றது.

"எண்ணெய் எங்கே, அண்ணா?" என்று கேட்டது கினிக்கோழி.

"கப்பல் வரவில்லை, அம்மா. அந்த நாட்டிலும் விளைச்சல் குறைவாம். தங்களுக்கே போதாது என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை."

பத்தே நாளில் எல்லார் குடமும் காலி. கினிக்கோழியின் வாணலி வறண்டது. எல்லாரும் செக்கடியில் கூடினார்கள்.

"விதை மூட்டையை ஆட்டிவிடலாம்" என்றது பபூன்.

"ஆட்டினால் எட்டு நாளைக்கு எண்ணெய் வரும்" என்று யானை தயங்கித் தயங்கிச் சொன்னது.

"ஒன்பதாம் நாள்?" என்று கேட்டது அணில்.

"ஒன்பதாம் நாளை ஒன்பதாம் நாள் பார்த்துக்கொள்ளலாம். நீ கடலையைக் கொண்டு வா" என்றது பபூன்.

அணில் சுற்றிலும் பார்த்தது. யானைகூடத் தலைகுனிந்து நின்றது. அணில் இரண்டு கையாலும் தலையைச் சொறிந்தது.

"எங்கே புதைத்தேன் என்று மறந்துவிட்டதே!" என்றது.

அன்றைக்கு அணில் வாங்காத வசை இல்லை. பபூன் தன் கூட்டத்தோடு புற்றையெல்லாம் கிளறியது. அணிலின் வளையையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கடலைகூடக் கிடைக்கவில்லை. "மறக்கவில்லை, தின்றுவிட்டான்" என்று சொல்லிக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து அணிலுக்கு விதைமுழுங்கி என்று பெயர். அது வந்தால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கினிக்கோழி மட்டும் திருப்பவில்லை. பணியாரம் போன பிறகு கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருந்தது. வாங்க வருபவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோதான். குஞ்சுகளுக்கு அரைவயிறு.

"தம்பி, எனக்காகக் கொஞ்சம் யோசித்துப் பாரேன். இரண்டு பிடி கடலை கிடைத்தால்கூடப் போதும். சின்னது இரண்டும் ராத்திரி பசியில் அழுகின்றன" என்றது ஒருநாள்.

அணிலின் வால் அப்படியே தரையில் விழுந்தது.

"ஞாபகம் வரவில்லை, அக்கா" என்றது கடைசியில்.

கினிக்கோழிக்கு வருத்தம்தான். ஆனாலும் தன் பங்குக் கிழங்கில் பாதியைப் பிட்டு அதன் கையில் வைத்தது. அணிலின் விலா எலும்பு தோலுக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. 'தின்றவன் இப்படியா இளைப்பான்?' என்று நினைத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து விடியும் முன்பே அணில் தோண்டியெடுத்த கிழங்குகள் கடை வாசலில் கிடந்தன. அதன் நகமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

"அக்கா, அடுப்புச் சாம்பலை வீணாக்காதீர்கள். கடைக்குப் பின்னால் அந்த முள்வேலிக்குள் கொட்டுங்கள். கறையான் வராது" என்று மட்டும் தினமும் சொல்லும். அந்த முள்வேலியை அணில்தான் அந்தக் கோடைத் தொடக்கத்தில் கட்டிக் கொடுத்தது. குஞ்சுகள் அந்தப் பக்கம் போய்த் தொலைந்துவிடாமல் இருக்கத்தான் என்று கினிக்கோழி நினைத்திருந்தது. சொன்னபடி தினமும் சாம்பலைக் கொட்டியது.

ஒரு மாலையில் இடி இடித்தது. மூன்று நாள் விடாமல் மழை.

ஏழாம் நாள் காலையில் சாம்பல் கொட்டப் போன கினிக்கோழி, கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கூவியது. காடே ஓடி வந்தது.

முள்வேலிக்குள் சாம்பலையும் ஈர மண்ணையும் முட்டிக்கொண்டு நிலக்கடலை முளைத்திருந்தது.

"ஓகோ, இங்கே புதைத்துவிட்டுத்தான் மறந்தானா?" என்றது பபூன்.

"நன்றாகப் பாருங்கள்" என்றது கினிக்கோழி.

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு சாண் விட்டு ஒரு செடி. இரண்டு சாண் விட்டு ஒரு வரிசை. நூல் பிடித்ததுபோல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நேராக நின்றன.

"மறந்துபோகிறவன் வரிசை போட்டா புதைப்பான்?" என்றது கினிக்கோழி.

பபூன் அணிலின் வளையைக் கிளறிய தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏன் தம்பி எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டது யானை.

"தெரியும் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்கள். கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது, அக்கா" என்றது அணில். பிறகு கினிக்கோழியைப் பார்த்தது. "அன்றைக்கு நீங்கள் கேட்டபோது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதனால்தான் கிழங்கு தோண்டப் போனேன்."

கினிக்கோழி அணிலைத் தன் சிறகுக்குள் சேர்த்துக்கொண்டது. களைத்திருந்த அணில் அங்கேயே தூங்கிப்போனது.

நான்கு மாதத்தில் கடலை விளைந்தது. பாதியை மறுபடி விதைத்தார்கள். மீதியை யானை ஆட்டியது. முதல் எண்ணெய் கினிக்கோழியின் வாணலிக்குப் போனது. முதல் பணியாரம் அணிலுக்கு. அதைக் கொண்டுவந்து நீட்டியது பபூன்.

பிறகு கப்பல் வந்தது. நீர்யானை பழையபடி பீப்பாய் உருட்டியது. வேண்டியபோது வாங்கிக்கொண்டார்கள், ஆனால் செக்கை நிறுத்தவில்லை.

ஒவ்வோர் அறுவடைக்கும் யானை ஒரு மூட்டை விதையைத் தனியே கட்டி அணிலின் முன்னால் வைக்கும்.

"எங்கே புதைக்கிறாய் என்று எங்களிடம் சொல்லாதே, தம்பி. நாங்கள் அழுது கேட்டாலும் மறந்துவிட்டேன் என்றே சொல்" என்று சொல்லிவிட்டுப் போகும்.

நீதி: இன்றைய பசிக்கு விதையைக் கொடுத்துவிட்டால் நாளைய பசிக்கு ஒன்றும் இருக்காது, வசை வாங்கியேனும் விதையைக் காப்பவனே ஊரைக் காப்பவன்.