தீவுக்குப் போன வைத்தியசாலை

ஈச்சங்காட்டு ஏரிக்கரையில் சுழியன் என்ற நீர்நாய் ஒரு சின்ன வைத்தியசாலை நடத்தி வந்தது. பச்சிலை கட்டுவதில் அது படு கெட்டி. ஆனால் ஓர் இலையைக் கிள்ளுவதற்கும் மலைமேல் இருந்த சிங்கராஜாவிடம் அனுமதி வாங்க வேண்டும். தூது போன காகம் அனுமதியோடு திரும்பி வருவதற்குள் இருமல்காரன் தானாகவே குணமாகி, மறுபடியும் இருமத் தொடங்கியிருப்பான்.

சிங்கத்துக்கே இது அலுத்துப் போயிற்று. "இனி உங்கள் வைத்தியசாலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டது.

சுழியனுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டது. பிறகு தன் முதல் முடிவை எடுத்தது. கரையில் ஒரே புழுதி, ஈ, இரைச்சல். ஏரி நடுவே ஒரு தீவு இருக்கிறதே, எவ்வளவு சுத்தம், எவ்வளவு காற்று! யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் மூலிகைக் கட்டுகளை எல்லாம் தீவுக்குக் கொண்டுபோய்விட்டது. நீர்நாய்க்கு அது ஒரு முங்கு தூரம்தானே.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சுழியன் துளியும் கவலைப்படவில்லை. சந்தோஷமாகக் காகத்தைக் கூப்பிட்டது.

"ராஜாவிடம் போய்ச் சொல். என் நிர்வாகத்தில் நோயே ஒழிந்துவிட்டது!"

காகம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "கரைப்பக்கம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாயேன். அப்புறம் சொல்கிறேன்" என்றது.

சுழியன் நீந்திப் போனது. கரையில் திருவிழாக் கூட்டம். காலில் முள் குத்திய மான், கண் வீங்கிய கீரி, வயிற்றைப் பிடித்துக்கொண்ட குரங்கு. எல்லாருக்கும் முன்னால் பூளை என்ற முயல், காய்ச்சலில் துவண்டு கிடந்த குட்டியை அணைத்தபடி, ஒரு காலைத் தண்ணீரில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றது.

"ஏன் பூளையக்கா, நீங்கள் வரவே இல்லையே?"

"எனக்கு நீந்தத் தெரியாது தம்பி" என்றது பூளை. "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டைதான் வறண்டுபோச்சு. முன்னேயாவது மருந்து லேட்டாக வந்தது. இப்போ வரவே இல்லை."

சுழியனை வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே தண்ணீரில் பாய்ந்து, காய்ச்சல் பச்சிலையை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. சாறு பிழிந்து குட்டிக்குப் புகட்டியது. வெயில் ஏறியதும் குட்டி கண் திறந்து, பசிக்கிறது என்று சிணுங்கியது. அந்தச் சிணுங்கலைக் கேட்டுப் பூளை அழுதேவிட்டது.

"வைத்தியசாலை எங்கே இருக்கட்டும்? நீங்களே சொல்லுங்கள்" என்று சுழியன் எல்லாரையும் கேட்டது.

கேட்டதுதான் தாமதம், கரையே அமளிதுமளிப்பட்டது. மரக்கிளைதான் வசதி என்றது குரங்கு. வளைக்குள்தான் குளிர்ச்சி என்றது கீரி. சேற்றில் கிடந்தால் மருந்தே வேண்டாம் என்று காட்டுப்பன்றி சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் பூளைதான் சொன்னது: "தினமும் எல்லாரும் தண்ணீர் குடிக்க வருகிற துறை இருக்கே, அங்கேயே வையேன்."

அன்றே காட்டுப்பன்றி துறையில் மேடுபள்ளத்தை நிரவிக் கொடுத்தது. குரங்கு ஈச்சோலை வேய்ந்தது. சுழியனுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் மானின் காலுக்குக் கட்டுப் போட்டபடியே அது பாடிக்கொண்டிருந்தது.

அதிகாரம் அரண்மனையை விட்டு இறங்கி வந்தால் மட்டும் போதாது, அது நோயாளியிடம் வந்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும்.