தைலம்மைக்கு வண்டி செய்த தாண்டவராயர்

காவிரிக்கரையில் திருமணற்காடு என்றொரு ஊர். அங்கே துணைவந்தநாதர் கோயிலின் தெற்கு வீதியில் தாண்டவராயர் சைக்கிள் கடை வைத்திருந்தார். விடியலில் குளத்தில் மூழ்கி, நீறு பூசி, சந்நிதியில் ஒரு பதிகம் பாடிய பிறகே கடைக் கதவைத் திறப்பார். அதன்பின் நாள் முழுவதும் கிரீசும் கரியும்தான். பஞ்சர் ஒட்டும்போதும் அவருடைய உதடுகள் ஐந்தெழுத்தை விட்டதில்லை.

அவர் ஒரு நோன்பு பூண்டிருந்தார். உடற்குறை உள்ள எவர் வந்து கேட்டாலும், அவருடைய உடம்புக்கென்றே ஒரு வண்டியை யோசித்துச் செய்து தருவார், கூலி வாங்கமாட்டார். கை ஒன்றை இழந்த டீக்கடைக்காரருக்கு இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் இணைத்துக் கொடுத்தார். முழங்கால் மடங்காத வாத்தியார் ஒருவருக்கு ஒற்றைப் பெடலிலேயே ஓடும் வண்டி செய்தார். “ஒருத்தரைப் போல ஒருத்தரை சாமி படைக்கல. வண்டி மட்டும் ஏன் ஒரே அச்சா இருக்கணும்?” என்பார்.

பேருந்து நிலையத்தருகே பெரிய கம்பெனி ஒன்றின் ஷோரூம் வந்தது. ஊரிலிருந்த மற்றக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தக் கம்பெனியின் போர்டை மாட்டிக்கொண்டார்கள். பால்காரருக்கென்றும் பானை விற்பவருக்கென்றும் விதவிதமாகக் கேரியர் வளைத்த கைகள், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பெடல் மாட்டுவதோடு நின்றன. புதிதாக ஒன்றை யோசிக்க எவருக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

ஷோரூம் மேலாளர் தாண்டவராயரிடமும் வந்தார்.

“உங்க கைராசி ஊருக்கே தெரியும். எங்க போர்டை மாட்டிக்குங்க. ஒரே நிபந்தனை, வண்டியை அறுக்கக் கூடாது, மாத்தக் கூடாது. சொந்தமா எதுவும் செய்யக் கூடாது.”

“கால் வராதவங்க வந்து கேட்டா?”

“அதுக்கு எங்ககிட்ட மாடல் இல்லைங்க.”

தாண்டவராயர் கைகூப்பினார். “அவங்களுக்காகத்தான் சாமி என்னை இங்க உட்கார வச்சிருக்கு. மன்னிச்சுக்குங்க.”

கம்பெனிக்குப் பயந்து மொத்த வியாபாரிகள் அவருக்கு உதிரிச் சாமான் தருவதை நிறுத்தினார்கள். வாடிக்கை குறைந்தது, கடையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதே வீதியில் இருந்த தம் வீட்டு வாசலிலேயே பம்பையும் வெல்டிங் பெட்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “சிவனுக்குக் காளை இருக்குய்யா. சைக்கிளா கேட்டாரு?” என்று போகிறவர்கள் சிரித்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, காற்றடிக்கக் குனிவார்.

பங்குனித் திருவிழாவின்போது பக்கத்துத் தெருத் தைலம்மை அவரைத் தேடி வந்தாள். செங்கல் சூளையில் சுவர் விழுந்து இரு கால்களும் செயலிழந்தவள். தரையில் கைகளை ஊன்றி நகர்ந்தே வந்திருந்தாள்.

“ஷோரூம்ல இல்லைன்னுட்டாங்கண்ணே. இத்தனை வருசமும் யாராவது தூக்கிட்டு வந்துதான் சாமியைப் பார்த்தேன். ஒருதடவை நானா போய்ப் பாக்கணும்.”

தாண்டவராயரிடம் குழாய் இல்லை, சக்கரம் இல்லை. கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்காகத் தம்முடைய சைக்கிளைப் பிரித்தார். மூன்றாவது சக்கரத்துக்கு என்ன செய்வதென்று அவர் மயங்கி நிற்கையில், மனைவி அரசி உள்ளிருந்து வந்தார். அவர் இடியாப்பம் விற்கப் போவதே சைக்கிளில்தான்.

“ஏங்க, என் வண்டியையும் அறுங்க. நான் கூடையைத் தலையில வச்சுட்டுப் போறேன்.”

இடபவாகனத்தன்று ஆண்டுதோறும் பெருமானின் வாகனத்தைத் தாங்கும் தண்டுக்குத் தோள் கொடுப்பவர் தாண்டவராயர். அந்த நாளும் வந்துவிட்டது. வண்டி இன்னும் முடியவில்லை. தைலம்மை அதற்காகக் காத்திருந்தாள். கோயிலில் தவில் முழங்கியது. எழுந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்து, கையால் சுழற்றும் பெடலை அராவத் தொடங்கினார். கண்ணீர் இரும்பின்மேல் விழுந்தது.

வீதிவலம் அவர் வாசலுக்கு எதிரே வந்தபோது, சுமந்து வந்தவர்களின் கால்கள் நின்றன. ஆள் மாற்றினார்கள். தண்டு தாழ்ந்ததே தவிர, ஓர் அடியும் நகரவில்லை.

“இங்கே இருக்கறது யாரு?” என்றார் குருக்கள்.

அப்போதுதான் முடிந்த வண்டியில் அமர்ந்து, தைலம்மை தன் இரு கைகளாலும் பெடலைச் சுழற்றியபடி, எவர் துணையுமின்றி வீதிக்குள் வந்தாள். பெருமானின் முன் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தாள். தண்டு பூப்போல இலேசாயிற்று என்று சுமந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

குருக்கள் இறைவன் மார்பிலிருந்த மாலையைக் கழற்றித் தாண்டவராயரிடம் நீட்டினார். அவர் பின்வாங்கினார். “கையெல்லாம் கரி, சாமி. கழுவிட்டு வந்துடறேன்.”

“கழுவ வேண்டாம். அப்படியே வாங்கிக்கோங்கோ. அவர் இதுக்காகத்தான் நின்னார்.”

கரிய கைகளில் மாலை இறங்கியது. அரசியும் அவரும் வீதியிலேயே விழுந்து வணங்கினார்கள். ஷோரூம் இன்றும் இருக்கிறது. தாண்டவராயரும் தம் காலம்வரை அந்த வாசலில்தான் இருந்தார். தங்களுக்கேற்ற வண்டி வேண்டியவர்கள் பழைய இரும்பைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டியை அவர் கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தார்.

தரிசனத்தை விட்டுத் தொண்டினைப் பற்றினார். தரிசனமே அவரைத் தேடி வந்தது. அந்த எளியவரின் அன்பு வாழ்க.