கொண்டியில வச்ச கை

கோவில்பட்டியில பிச்சையா சார்னு ஒருத்தர் இருக்கார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு தையல் கடை மாடியில கதை எழுதச் சொல்லிக் குடுக்கிறார். கேட்ட கேள்விக்கு நேராப் பதில் சொல்ற பழக்கம் அவருக்குக் கிடையாது. டீ வேணுமான்னு கேட்டா மட்டும் உடனே சொல்வார்.

அவர்கிட்டப் படிச்சவங்கள்ல தனபாக்கியம் ஒருத்தங்க. போஸ்ட் ஆபீஸ்ல வேலை. சாரை விட வயசுல ரொம்ப மூத்தவங்க. இவங்க அவரை சார்ம்பாங்க, அவர் இவங்களை அக்காம்பார். ரெண்டு பேருக்கும் அதுல ஒரு கஷ்டமும் இல்ல.

தனபாக்கியம் எழுதுறது பெரிய கிளாஸ் பிள்ளைங்க படிக்கிற நாவல். எல்லாமே பயமுறுத்துற கதை. கடைசியா வந்தது ஒரு லேடீஸ் ஹாஸ்டல் கதை. அங்க பாத்ரூம்ல வரிசையாக் கதவு இருக்கும். கடைசிக் கதவு மட்டும் எப்பவும் பூட்டியே கிடக்கும். உள்ள இருந்து ஒரு குரல், அந்தக் கதையில வர்ற பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடும். கடைசிப் பக்கத்துல பூட்டைக் காணோம். அந்தப் பொண்ணு கதவுக் கொண்டியில கை வைப்பா. அதோட முற்றும்.

அந்த முடிவை எல்லாரும் பாராட்டுனாங்க. பிச்சையா சாரும் பாராட்டுனார்.

ஒரு ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் தனபாக்கியம் மட்டும் உக்காந்தே இருந்தாங்க.

"என்னக்கா?"

"சார், நான் எழுதுறதை விட்டுரட்டுமா?"

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார். ஒரு ஹாஸ்டல் வார்டன் போன் பண்ணாங்க. அங்க ஒம்பதாங்கிளாஸ்ல பேச்சின்னு ஒரு புள்ளயாம். என் புக்கைப் படிச்சதுல இருந்து சாயங்காலம் ஆனா தண்ணி குடிக்கிறதில்லயாம். குடிச்சா ராத்திரி பாத்ரூம் போகணும்லா. அப்புறம் பகல்லயும் குடிக்கிறதை நிறுத்திருக்கு. இப்போ காய்ச்சல். கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க."

"என்ன சொன்னாங்க வார்டன்?"

"திட்டல சார். அதான் பயமா இருக்கு. எழுதுனவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சும்மான்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க."

பிச்சையா சார் செருப்பைப் போட்டார்.

"எங்க சார்?"

"ஆஸ்பத்திரிக்கு."

பஸ்ல சன்னல் ஓரம் தனபாக்கியம். கைப்பையில இருந்து ஒரு புத்தகம் எட்டிப் பாத்துச்சு. அட்டையில ஒரு எலும்புக்கூடு, கையில லாந்தரோட.

"இது என்னக்கா?"

"பேய்க்கதை சார். வேற எதைப் படிச்சாலும் தூக்கம் வந்துருது."

"சின்ன வயசுல இருந்தேவா?"

"எட்டாங்கிளாஸ்ல ஹாஸ்டல்ல விட்டாங்க. அங்க பயந்தேன் பாருங்க, அதை வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் எழுதிட்டு இருக்கேன். தீர மாட்டேங்குது."

"இந்தப் புக்கு எதுவரைக்கும் வந்தாச்சு?"

"இன்னும் ஆரம்பிக்கல. கடைசிப் பக்கம் மட்டும் பாத்திருக்கேன்."

"கடைசிப் பக்கமா?"

"எல்லாப் புக்கும் அப்படித்தான் சார். கதையில வர்றவ முடிவுல உசுரோட இருக்காளான்னு தெரியாம எப்படிப் படிக்கிறது? வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

பிச்சையா சார் ஆஸ்பத்திரி ஸ்டாப் வர்ற வரைக்கும் முன்சீட்டுக் கம்பியையே பாத்துட்டு வந்தார்.

பேச்சி கடைசிக்கு முந்தின கட்டில்ல படுத்திருந்தா. கையில டிரிப்ஸ். பக்கத்துல மூடி திறக்காத தண்ணி பாட்டில். அவ அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாங்க. தான் யாருன்னு தனபாக்கியம் சொன்னதும் பேச்சி எந்திரிச்சு உக்காரப் பாத்தா.

"நீங்கதானா மேடம்? போட்டோல ஒல்லியா இருந்தீங்க."

"அது பழைய போட்டோம்மா."

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"கதவுக்குள்ள என்ன இருந்துச்சு?"

ஸ்கூல் விழாவுக்கெல்லாம் போகும்போது இதே கேள்வியைப் பிள்ளைங்க தனபாக்கியத்துக்கிட்ட நிறையக் கேட்டிருக்காங்க. பதிலும் தயாரா இருந்துச்சு.

"அதை நீயே நெனச்சுக்கணும்மா. அதுதான் அந்தக் கதையோட அழகு."

பேச்சி அவங்களைப் பாத்தா.

"நெனச்சுட்டுதான் மேடம் இருக்கேன். தெனம் வேற வேற வருது. நேத்து வந்தது எங்க அம்மா மாதிரியே பேசுச்சு."

தனபாக்கியம் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"என்ன பேசுச்சு?"

"கதவைத் திறன்னு இல்ல. நான் திறந்துட்டேன், நீ வெளிய வான்னு. அப்போ உள்ள இருக்கிறது யாரு மேடம்? நானா?"

வார்டுக் கடைசியில பாத்ரூம் கதவு காத்துக்கு லேசா ஆடுச்சு. பேச்சி போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டா. பிச்சையா சார் தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவ பாட்டிலைப் பாத்தா, அந்தக் கதவைப் பாத்தா, வேண்டாம்னு தலையாட்டினா.

வராந்தாவுக்கு வந்ததும் தனபாக்கியம் சுவத்துல சாஞ்சுக்கிட்டாங்க.

"எல்லாத்தையும் சொல்லிரக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"நான்தான்."

"அதான் கதவை மூடியே வச்சேன்."

"உள்ள என்னன்னு பாத்துட்டு மூடுனீங்களா?"

ஒரு நர்ஸ் டிரே எடுத்துக்கிட்டு அவங்களைத் தாண்டிப் போனாங்க.

"எழுதத்தான் பாத்தேன் சார். அவ கொண்டியில கை வச்சதும் பயந்து எந்திரிச்சுருவேன். மறுநாள் உக்காந்தா மறுபடியும் அதே. ஒரு நாள் வீட்ல இருக்கிற லைட்டை எல்லாம் போட்டுட்டு வந்து, முற்றும்னு எழுதி, பேனாவை மூடிட்டேன்."

"அப்போ நான் பாராட்டுனது நீங்க பயந்து நிறுத்துன இடத்தையா?"

"சிரிக்காதீங்க சார்."

"சிரிக்கலக்கா. எனக்கும் தெரியாமப் போச்சே."

அப்புறம் பிச்சையா சார் வார்டுக்குள்ள போய், யாரோ போட்டு வச்சிருந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து பேச்சி கட்டில் பக்கத்துல போட்டார். திரும்பி வந்தார்.

"போய் உக்காருங்க."

"உக்காந்து?"

"கதவைத் திறங்க."

"இப்பவா? எழுதிக்கூடப் பாக்காமயா?"

"வாயாலயே."

"சார், உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது."

"தெரியாதுன்னே ஆரம்பிங்க."

தனபாக்கியம் உள்ள எட்டிப் பாத்தாங்க. பேச்சி கண்ணை மூடல. அந்தப் பாத்ரூம் கதவையே பாத்துட்டு இருந்தா. உதடு மட்டும் அசைஞ்சுது, யாருக்கோ பதில் சொல்ற மாதிரி.

"சார், நெசமாவே உள்ள பயங்கரமா ஏதாவது இருந்துட்டா?"

"இருக்கும்க்கா. இப்போ அதோட அந்தப் புள்ள ஒத்தையிலதான இருக்கு."