பக்காரியின் முறை

"பக்காரி சொல்லாமப் போயிட்டான் டீச்சர்" என்றார் லூர்துநாதன்.

திலகா தன் டபுள் பேஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைவிட உயரமான வாத்தியம். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். ஒரே சட்டில மீன் குழம்பு சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறதாப் பேச்சு. காலையில எழுந்து பாத்தா கட்டில் காலி. விடியறதுக்கு முன்னாடியே டாக்ஸி பிடிச்சுப் போயிட்டானாம்."



லூர்துநாதனுக்கு வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வருஷம் புதுச்சேரியில் கல்யாண ஊர்வலத்திலும் கோயில் தேர்பவனியிலும் சாக்ஸபோன் வாசித்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கடற்கரையில் திலகாவின் ஜாஸ் குழு வாசித்ததைக் கேட்டார். மறுநாளே அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இது எனக்குத் தெரியாதும்மா. கத்துக் குடு."

அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. அன்றிலிருந்து அவள் அவரை அண்ணே என்றாள். அவர் அவளை டீச்சர் என்றார்.

குழுவில் ஐந்து பேர். ட்ரம்ஸுக்கு ஒருவர், கடத்துக்கு ஒருவர். ஐந்தாவது ஆள் பக்காரி. ஆப்பிரிக்காவில் மாலி தேசத்துக்காரன். பாதிச் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, இருபத்தொரு தந்தி கட்டிய கோரா என்ற வாத்தியம் வாசிப்பான். அவனுக்குத் தமிழ் வராது. லூர்துநாதனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீட்டுப் பிரெஞ்சில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

விசா முடிந்துவிட்டது. நேற்றுக் கச்சேரிதான் பக்காரிக்குக் கடைசி.

மற்றவர்கள் துணைக்கு வாசிக்க, சாக்ஸபோன் தனி மூன்று நிமிஷம். அது முடிந்ததும் பக்காரி நான்கு நிமிஷம் தனியாக வாசிக்க வேண்டும். திலகா அப்படித்தான் வகுத்திருந்தாள். என்ன வாசிக்கப்போகிறான் என்று ஒத்திகையில் அவன் காட்டவில்லை. மேடையில் கேளுங்கள் என்று சிரித்துவிட்டான்.

நேற்று லூர்துநாதனுக்குக் காற்று அப்படி வந்தது. அரங்கமே எழுந்து நின்றது. விசில் பறந்தது. விடாமல் வாசித்தார். முடித்தபோது கச்சேரி நேரமும் முடிந்திருந்தது. எல்லாரும் சேர்ந்து கும்பிட்டார்கள். திரை விழுந்தது.

"ராத்திரி நல்லாத்தானே வாசிச்சேன்?"

"நல்லா வாசிச்சீங்கண்ணே."

"அவனுக்கு அதுல பொறாமையா இருக்குமோ?"

திலகா துணியைக் கீழே வைத்தாள். கச்சேரிப் பதிவைப் போட்டு, ஹெட்போனை அவரிடம் கொடுத்தாள்.

"கேளுங்க."

கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நானா இப்படி வாசிச்சேன்!"

"மறுபடி கேளுங்க. சாக்ஸபோனை விட்டுட்டு."

கேட்டார்.

"கைதட்டுதான் கேக்குது டீச்சர்."

"அதையும் விட்டுட்டு."

மூன்றாம் முறை கேட்கும்போது புருவம் சுருங்கியது. சத்தத்தைக் கூட்டினார். கடம் இல்லை. ட்ரம்ஸ் இல்லை. இன்னும் கூட்டினார். திலகாவின் பேஸும் இல்லை.

"எல்லாரும் நிறுத்திட்டீங்களா?"

"மூணாவது நிமிஷத்துல."

"எனக்குத் தெரியவே இல்லையே!"

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"கையைக் காட்டியிருக்கலாமே டீச்சர்."

"காட்டினேன். நீங்க கண்ணை மூடிட்டிருந்தீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். அவள் சொல்லாமலேயே மறுபடி போட்டார்.

இந்தத் தடவை எங்கோ ஆழத்தில் தந்தி பேசியது. ஐந்து ஸ்வரம். நின்றது. காத்திருந்தது.

மறுபடி அதே ஐந்து. நின்றது.

மூன்றாம் முறை இரண்டுதான் வந்தது. அப்புறம் கோரா ஒலிக்கவே இல்லை.

லூர்துநாதன் பின்னுக்குத் தள்ளிக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். அவர் விரல்கள் முழங்காலில் தாமாகவே அசைந்தன.

தினமும் காலையில், பல் துலக்கியதும், கொல்லைப்புறத்தில் நின்று சாக்ஸபோனைச் சூடாக்க அவர் ஊதும் ஐந்து ஸ்வரம் அது. யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. அதற்கு ஒரு பேரும் கிடையாது. மேடையில் ஒருநாளும் வாசித்ததில்லை. அந்தக் கொல்லைப்புறத்தில் காப்பி டம்ளரோடு பக்காரி உட்கார்ந்திருப்பான்.

ஹெட்போனைக் கழற்றினார்.

"இது என்னோடது."

"ஆமாண்ணே."

"எனக்காகவா?"

திலகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போனை எடுத்தார். பக்காரியின் எண்ணைப் போட்டார். அணைத்து வைத்திருந்தது. மாலை மணி நான்கரை. விமானம் கிளம்பியிருக்கும்.

போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"அந்த அஞ்சுக்கு அப்புறம் என்ன வாசிக்க இருந்தான்?"

"தெரியாதுண்ணே. அதைக் கேக்கத்தான் நாங்க நிறுத்தினோம்."