எட்டு பவுண்டு காற்று

“எவனாயிருந்தாலும் உன்னைத்தாண்டா சொல்றேன். ராத்திரியோட ராத்திரியா என் டயர்லருந்து எட்டு பவுண்டு காத்தை எடுத்துட்டுப் போயிருக்கியே, அதை வச்சுக் கோட்டையா கட்டப்போற?”

காலை ஆறு மணிக்குப் பால்துரை அண்ணாச்சி தெருவில் நின்று கத்தினார். கோத்தகிரியில் மார்கழிப் பனி, புல்லின்மேல் உப்புத் தூவியதுபோலக் கிடந்தது. அண்ணாச்சியின் கையில் டயர் காற்றை அளக்கும் மீட்டர். கண் மட்டும் பக்கத்து வீட்டுக் கதவில்.

கதவைத் திறந்துகொண்டு மயில்சாமி வந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். தினமும் போல அண்ணாச்சிக்கு ஒரு டம்ளர் கடுங்காப்பி கொண்டுவந்திருந்தார்.

“யாரைச் சொல்றீங்க?”

“செஞ்சவனுக்குத் தெரியும்.”

மயில்சாமி டம்ளரைப் பார்த்தார். காப்பியைத் தானே குடித்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணாச்சி சைக்கிளில் ஏறி நேராகப் பிரமிளாவின் சைக்கிள் கடைக்குப் போனார்.

பிரமிளாவுக்கு முப்பத்துநாலு வயது. அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் அவளை ‘வாத்தியாரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னபோது, பிரேக் பிடிப்பதிலிருந்து மூச்சு விடுவதுவரை சொல்லிக்கொடுத்தவள் அவள். நாற்பது வருடம் பூண்டு மண்டியில் தொண்டையால் பிழைத்த மனுஷன் அவர். அவள் சொல்வதில் பாதியைக் கேட்பார். வேறு யார் சொல்வதிலும் அந்தப் பாதிகூடக் கிடையாது.

முந்தின நாள்தான் அவள் கடையில் டயர் மாற்றியிருந்தார். எஸ்டேட்டுக்குள் போகும் ஜல்லிப் பாதையின் வளைவில் அவர் இரண்டு தடவை விழுந்தாயிற்று. இரண்டாவது தடவை மணிக்கட்டில் கட்டு. கட்டுப் போட்ட அன்றைக்கே அவர் மனைவி தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள்:

“மூணாவது தடவை விழுந்தீங்கன்னா சைக்கிள் காயலான் கடைக்குப் போகும். நீங்களும் கூடவே போகலாம்.”

தங்கபுஷ்பம் சொன்னால் செய்கிறவள். அண்ணாச்சிக்கோ அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் பொழுது விடியாது.

அதனால்தான் டயர். முந்தின நாள் காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த மூன்று டயர்களைப் பிரமிளா அவர் முன்னால் போட்டாள். ஒன்று ஒல்லி, வழவழப்பு. இன்னொன்று முழுக்க முரட்டுப் பல். மூன்றாவது கொஞ்சம் அகலம். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மட்டும் சின்னப் பல்.

“எதைக் கொடுக்கப்போற?”

“முறுக்கிப் பாருங்க.”

முதல் இரண்டும் காய்ந்த தோல்மாதிரி விறைத்து நின்றன. மூன்றாவது கைக்கு வளைந்தது.

“இது மட்டும் குளிருக்குப் பயப்படலையே” என்றார் அண்ணாச்சி. “ஆனா பல்லு கம்மியா இருக்கு. அந்த முரட்டுப் பல்லைக் கொடு. ஜல்லியைக் கடிச்சுக்கிட்டுப் போகும்.”

“உங்க வழியில ஜல்லி எவ்வளவு?”

“ரெண்டு கிலோமீட்டர்.”

“தார்?”

“பதினொண்ணு.”

“பதினோரு கிலோமீட்டரும் தாரைக் கடிச்சுக்கிட்டேவா போகப்போறீங்க?”

அண்ணாச்சி மூன்றாவதை எடுத்தார். விலையைக் குறைக்கச் சொன்னார். ஏழு மணிக்கு ஆரம்பித்த பேரம், இட்லிக்கு ஒரு தடவை நின்று, மத்தியான வெயில்வரை போனது. பிரமிளா இட்லி வாங்கிக்கொடுத்தாளே தவிர ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

“சரி, காத்தாவது முழுசா அடி. எண்பது வரைக்கும்னு டயர்லயே போட்டிருக்கான்.”

“உங்க எடைக்கும் உங்க வழிக்கும் நாற்பத்தஞ்சு போதும்.”

“நூறு கிலோ மூட்டையில அம்பத்தஞ்சு கிலோ பூண்டை அடைச்சுத் தந்தா நான் வாங்குவேனா? எண்பது அடி!”

அவள் எண்பது அடித்துக் கொடுத்தாள். வாசலில் சைக்கிளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கல்லு!” என்று சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் விடிந்து அளந்தால் எழுபத்திரண்டு.

“எட்டு குறையுது வாத்தியாரம்மா!” இப்போது கடைக்குள் நின்று அண்ணாச்சி குதித்தார். “மயில்சாமியேதான். வேற யாருக்கு என் ஷெட்டு தெரியும்?”

“காத்து அடிச்சது எப்போ?”

“நேத்து மத்தியானம், வெயில்ல. நீதானே அடிச்ச?”

“அளந்தது?”

“இன்னிக்கு விடியக்காலை.”

பிரமிளா வெளியே புல்லின்மேல் கிடந்த பனியைப் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“ஒரு பத்து நாள் காத்தே அடிக்காதீங்க. தினமும் மூணு வேளை அளந்து மட்டும் பாருங்க. திருடன் எதுவரைக்கும் போறான்னு தெரிஞ்சுக்கலாம்.”

“மொத்தத்தையும் எடுத்துட்டான்னா?”

“நாற்பத்தஞ்சுக்கு வந்ததும் என்கிட்ட வாங்க.”

அண்ணாச்சி அளந்தார். காலை, மத்தியானம், சாயங்காலம். காலைக் கணக்கை மட்டும் ஷெட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார். எழுபது. அறுபத்தேழு. ஷெட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். அறுபத்துநாலு. பூட்டின்மேல் பூட்டுப் போட்டார். அறுபத்தொண்ணு.

நாலாவது நாள் அதே வளைவில் பின்சக்கரம் இழுத்தது. காலை ஊன்றித் தப்பித்தார்.

“கால்தான் தரையில பட்டது, உடம்பு படலை. இது விழுந்ததுல சேராது” என்று தங்கபுஷ்பத்திடம் அரை மணி நேரம் வாதாடினார்.

“அடுத்த தடவை நானே வந்து பார்க்கிறேன்” என்றாள் அவள்.

தினமும் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வாசனை வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பத்தாவது நாள் காலை மீட்டர் நாற்பத்தாறு காட்டியது. அண்ணாச்சி பிரமிளாவைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குக் கிளம்பினார். தார் முழுக்க ஈரம். வளைவுக்குப் பக்கத்தில் போனதும் அவர் பிரேக்கைப் பிடித்தார். தங்கபுஷ்பம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். பக்கத்தில் காயலான் கடைக்காரன், வண்டியோடு.

“இறங்கித் தள்ளட்டுமா?” என்றார் அண்ணாச்சி மெதுவாக.

“ஹேண்டிலை இறுக்காதீங்க. போங்க” என்றாள் பிரமிளா.

போனார். ஜல்லி தெறிக்கவில்லை. டயர் அதன்மேல் அமுங்கி, மெத்தென்று உருண்டு போனது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் பின்னாலேயே வந்தது. வளைவு முடிந்து பத்தடி போன பிறகுதான் அண்ணாச்சி மூச்சு விட்டார்.

“விழலை! பார்த்தியா புஷ்பம், விழலை!”

“அப்ப நான் எதுக்கு வந்தேன்?” என்றான் காயலான் கடைக்காரன்.

“என் வாய்க்குப் பேரீச்சம்பழம் எடுத்துட்டு வந்தியான்னு பார்க்கத்தான். போய்யா!” என்றார் அண்ணாச்சி.

தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் உடனே அவருக்கு ஞாபகம் வந்தது.

“எல்லாம் சரி வாத்தியாரம்மா. திருடன் கிடைக்கலையே? ரெண்டு பூட்டையும் தாண்டி வர்றானே!”

“மீட்டர் இருக்கா?”

“பையிலயே இருக்கு.”

“அளங்க.”

அண்ணாச்சி குனிந்து மீட்டரை வால்வில் வைத்தார். ‘உஸ்’ என்றது.

“நாற்பத்தஞ்சு.”

“இன்னொரு தடவை.”

உஸ்.

“நாற்பத்துநாலு.”

“இன்னொரு தடவை.”

அண்ணாச்சி மீட்டரை வால்வுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது.



“அப்ப அந்த முதல் நாள் எட்டு?” என்றார் தரையைப் பார்த்தபடி.

“வெயில்ல அடிச்சோம். பனியில அளந்தீங்க. குளிர்ல நாம சுருண்டு படுக்கலையா? காத்தும் அப்படித்தான்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நாற்பத்தஞ்சு போதும்னு சொன்னேனே.”

அண்ணாச்சி மீட்டரைப் பைக்குள் போட்டார். திரும்ப எடுத்தார். திரும்பப் போட்டார்.

“சரி, இப்ப அந்தத் திருடனை என்ன செய்யலாம்ங்கிற?”

பிரமிளா தன் சைக்கிளில் ஏறி, ஒரு காலைப் பெடலில் வைத்தாள்.

“எடுத்த காத்து போகட்டும் அண்ணாச்சி, அதுல உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை. ஆனா மயில்சாமி அண்ணன் வீட்டுக் கதவைச் சாத்த வச்சதும் அவன்தான். தெருவுல நின்னு கத்தத் தெரிஞ்சவனுக்கு ஒரு கதவைத் தட்டத் தெரியாதா? அவனைப் பார்த்தா, இன்னைக்கே போய்த் தட்டச் சொல்லுங்க. காப்பி ஆறுறதுக்குள்ள.”