இழுக்காதே, தள்ளு

மருதங்காட்டில் பூவரசி என்ற மந்தியும் வட்டப்பன் என்ற ஆமையும் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகின. ரெண்டே ரெண்டு பேர் உட்காரும் குட்டிப் பயிற்சி விமானம் அது. கைப்பிடியைப் பிடித்து ஓட்டுவது மந்தி. செய்ய வேண்டியதைப் பட்டியல் பார்த்து வாசிப்பது ஆமை. அதற்குக் கைப்பிடி எட்டாது, பாவம்!

ஒருநாள் காலையில், காட்டுக்கு மேலே பறக்கும்போது இன்ஜின் ரெண்டு தடவை இருமியது. பிறகு கப்சிப். முன்னால் சுற்றிய விசிறி நின்றேவிட்டது.

கிளை முறிந்தால் குரங்கு என்ன செய்யும்? கையில் அகப்பட்டதை இறுகப் பிடித்து இழுக்கும். பூவரசியும் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தது. விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்தது. வேகம் செத்தது. குளிர்க்காய்ச்சல் கண்ட மாதிரி விமானம் நடுங்கியது.

வட்டப்பன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. குரல் மட்டும் வெளியே வந்தது. "பூவு, இழுக்காதே. தள்ளு."

"தள்ளினா கீழே போயிடுவோமே!"

"இழுத்தா கல்லு மாதிரி விழுவோம். தள்ளினா வழுக்கிக்கிட்டே போகலாம். தள்ளு தாயி."

மந்திக்கு மனசே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியது. மூக்கு இறங்கியது, வேகம் வந்தது, நடுக்கம் நின்றது.

ஆமை பட்டியலை வாசிக்க, மந்தி ஒவ்வொன்றாகச் செய்தது. எரிபொருள் குழாயைத் திருகிப் பார்த்தாயிற்று. சாவியைத் திருப்பிப் பார்த்தாயிற்று. இன்ஜின் அசைவேனா என்றது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம் என்று மந்திக்கு நப்பாசை. அதற்கு உயரம் போதாது, நேராகவே போ என்று ஆமை கறாராகச் சொல்லிவிட்டது. எதிரே வற்றிய ஏரி ஒன்று தெரிந்தது. அதன் கரை முழுக்க மரங்கள்.

மர உச்சிகள் சக்கரத்துக்கு ஒரு முழம் கீழே ஓடின. மந்திக்குக் கால் துறுதுறுத்தது. கதவைத் திறந்து ஒரே தாவு, பிழைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தது. ஓட்டுக்குள்ளிருந்து ரெண்டு சின்னக் கண்கள் இன்னும் பட்டியலையே வாசித்துக்கொண்டிருந்தன. ஆமையால் தாவ முடியுமா? மந்தி கைப்பிடியை விடவில்லை.

ஏரியின் காய்ந்த தரையில் விமானம் குதித்தது, குலுங்கியது, ஒரு சக்கரத்தைத் தொலைத்துவிட்டு நின்றது.

வட்டப்பன் மெல்லத் தலையை நீட்டியது. "மரம் வந்தப்போ நீ தாவியிருக்கலாமே, பூவு?"

"தாவியிருக்கலாம். அப்புறம் நான் யாருகிட்ட சண்டை போடுறது?" என்று சொல்லி, அந்த ஓட்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது மந்தி.

ஆபத்து வரும்போது பதறுகிற கையின் பேச்சைக் கேட்காமல், செய்ய வேண்டியதை நிதானமாகச் செய்கிறவரே தானும் பிழைத்து, கூட இருப்பவரையும் காப்பாற்றுவார்.